உச்சியில் ஒரு சதுரம்

என் மருமகளைத் தெருவில் எல்லோரும் ஐஸ்காரி என்றுதான் சொல்வார்கள். ஐஸ் விற்கிறவள் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, மூலையில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், இவ்வளவையும் வைத்துக்கொண்டு பியூட்டி பார்லர் நடத்துகிறவள். நூல் போட்டுப் புருவம் எடுத்ததும், சிவந்த இடத்தில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றுவாள். கல்யாணப் பெண் தூங்காத கண்ணோடு வந்து நின்றால் ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கச் சொல்வாள். பருவுக்கும் ஐஸ், என் முழங்கால் வீக்கத்துக்கும் ஐஸ். நானோ சூட்டு ஒத்தடம் கொடுக்கிற ஆள். பதினாறு வருடமாக எங்கள் இருவருக்கும் சண்டை என்று வந்தால் இதில்தான் வரும்.

என் மகன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவள் கடை ஃப்ரிட்ஜைப் பார்க்கப் போனவன் ஒரே மாதத்தில் நான்கு தடவை போனான். அந்த ஃப்ரிட்ஜில் ஒரு பழுதும் கிடையாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி சிரிக்கிறாள். உன் அப்பன் கதைதான், எழுது.

போன வருடம் மருமகளுக்கு மார்பில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை கையில் மருந்து ஏற்ற வேண்டும், தலைமுடி கொட்டிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். கட்டி என்றபோது அழாதவள், முடி என்றதும் அழுதாள். உயிர் பெரிதா, முடி பெரிதா என்று நான் கேட்டுவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னாள்.

“என் தலைதான் அத்தை என் கடைக்கு போர்டு. மொட்டைத் தலைக்காரிகிட்ட யாரு வந்து தலையைக் குடுப்பா? பாவம்னு ரெண்டு தடவை வருவாங்க. மூணாவது தடவை பக்கத்துத் தெருவுக்குப் போயிடுவாங்க.”

அந்தக் கடை அவள் தனியாளாக நின்று உண்டாக்கியது. அதன் ஷட்டர் இறங்கினால் அவளும் இறங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

மருந்து ஏறும் நேரத்தில் தலையை நன்றாகக் குளிர வைத்தால், மருந்து முடியின் வேருக்குப் போவது குறையும் என்று அவளே விசாரித்துக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா மறுக்கவில்லை. பாதிப் பேருக்கு நிற்கும், பாதிப் பேருக்கு நிற்காது, பொறுத்துக்கொள்ள முடிந்தால் செய்யுங்கள் என்றார். அந்த ஆஸ்பத்திரியில் அதற்கான மெஷின் இல்லை. குளிரைப் பிடித்து வைக்கிற பசையை உள்ளே அடைத்த தொப்பிகளை வாடகைக்கு எடுத்தோம். தொட்டால் நெருப்பு மாதிரி சுடுகிற ஒரு வகைப் பனிக்கட்டியைப் பெட்டியில் நிரப்பி, அதற்குள் தொப்பிகளை அடுக்கிக்கொண்டு போக வேண்டும். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும். மருந்து தொடங்கும் முன்பே மாட்டி, முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கடைசித் தொப்பியைக் கழற்றலாம்.

என் மகனுக்கு இது சொந்த வித்தை. கெட்டியான கையுறை என்ன, சூடு பார்க்கிற கருவி என்ன, ஏதோ கம்பெனி ஃப்ரீசரைப் பழுதுபார்க்கப் போகிறவன் மாதிரி வந்து நின்றான். பழைய தொப்பியைக் கழற்றி ஈரத்தை ஒற்றுவது என் வேலை. புதியதை இறுக்கிக் கட்டுவது அவன் வேலை.

முதல் தொப்பி ஏறியதும் அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. கண்ணீர் தானாக வழிந்தது. பத்து நிமிடம் பொறுத்தால் மரத்துப்போகும் என்றான் மகன். சொல்கிறவனுக்கு என்ன, தலை அவனுடையதா? நர்ஸ் அவள் நெற்றியிலும் காதிலும் தோல் வெந்துபோகாமல் இருக்கப் பஞ்சு வைத்திருந்தாள். நெற்றிக்கு வைக்கலாம் என்றால் உச்சிக்கு வைத்தால் என்ன? உச்சியில் குளிர் ஏறினால் ஆளுக்கே ஆகாது. இது நான் பிறந்ததிலிருந்து கேட்டது. இரண்டாவது தொப்பி மாட்டும்போது, என் கைக்குட்டையை நாலாக மடித்து அவள் உச்சியில் வைத்து, அவன் தொப்பியை இறக்கும்வரை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். கழற்றும்போது சுருட்டி இடுப்பில் செருகினேன். கடைசித் தொப்பிவரை இப்படியே செய்தேன்.

“இப்போ கொஞ்சம் தாங்க முடியுது” என்றாள் அவள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

முதல் மருந்து ஏறிய பதினெட்டாம் நாள் காலையில், தலை சீவும்போது அவள் உச்சியிலிருந்து முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. இரண்டே நாளில் உள்ளங்கை அகலத்துக்கு வெறுந்தோல். மறுநாள் இரண்டாவது மருந்து. அவள் கடையிலிருந்து முடி வெட்டுகிற மெஷினை எடுத்து வந்து, புருஷன் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“வேலைக்கு ஆகல. மிச்சம் இருக்கிறதையும் எடுத்துடுங்க. தொப்பியைத் திருப்பிக் குடுத்துடலாம், கடையையும் யாருக்காவது விட்டுடலாம்.”

அவன் மெஷினைப் பிடித்தபடி நின்றான். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சொன்னேன். கைக்குட்டையை எப்படி மடித்தேன், எங்கே வைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். மகன் “அம்மா” என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். ஊரில் உள்ள திட்டெல்லாம் அதற்குள் இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கைக்கண்ணாடியை எடுத்துப் பெரிய கண்ணாடிக்கு எதிரே பிடித்து, உச்சியை ஒரு வாடிக்கைக்காரியின் தலையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். முடி போன இடத்தின் ஓரமாக விரலை ஓட்டினாள். ஒரு மூலை வந்ததும் நின்றாள். திரும்பினாள். அடுத்த மூலையில் மறுபடியும் நின்றாள்.

“சதுரமா இருக்கு” என்றாள்.

பிறகு பக்கத்து முடியை விரலில் சுற்றி வெடுக்கென்று இழுத்தாள். வரவில்லை. பின்னால் இழுத்தாள், காதோரம் இழுத்தாள். நாலைந்து இழைதான் வந்தது.

“துணி இருந்த இடம் மட்டும்தான் போயிருக்கு. குளிர் பட்ட இடமெல்லாம் நிக்குது.” புருஷன் கையிலிருந்த மெஷினை வாங்கி அதன் டப்பாவில் போட்டு மூடினாள். “நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்று ஜாடையாலேயே சொன்னான். அவள்தான், அத்தை வராவிட்டால் நானும் வரவில்லை என்று அடம்பிடித்தாள். ஆனால் ஒவ்வொரு தொப்பி மாற்றும்போதும், “அத்தை, கையை விரிங்க” என்பாள். நான் விரித்துக் காட்டுவேன். இடுப்பையும் தட்டிப் பார்ப்பாள். உச்சியில் குளிர் ஆகாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தத் தொப்பியின் வாரை என் மகனைவிட இறுக்கிக் கட்டினது நான்தான்.

ஆறு மருந்தும் முடிந்தது. முடி பாதியாக மெலிந்தது. ஆனால் தலையில் நின்றது. மருந்து ஏறும் நாளும் அதற்கடுத்த நாலைந்து நாளும் தவிர ஷட்டர் இறங்கவில்லை. இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போக வேண்டும். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உச்சியில் புதிதாக முளைத்தது மட்டும் சுருட்டை. நேர்முடிக்காரிக்கு நடுவில் ஒரு சுருட்டைப் புதர். சீப்புக்கு அடங்கவில்லை, கிளிப்புக்கும் அடங்கவில்லை. போன வாரம் நானும் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இந்த மாதிரிக்கூட வெட்டுகிறார்களா, யார் வெட்டியது என்று கேட்டாள்.

மருமகள் பெண்ணின் புருவத்தில் ஐஸை ஒற்றிக்கொண்டே, “எங்க அத்தை கைவேலை” என்றாள்.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினாள். எனக்கு அன்றைக்குக் காது கேட்கவில்லை.