டேபிள் ரோஸ் திருட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்தேன். களவு போகவிருந்த பொருள்... ஒரு டேபிள் ரோஸ் கிளை!

மரக்காணத்தில் செடி வளர்ப்பதென்றால் என்னவென்று இங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். மனைவிக்கு ஸ்கூல் மாற்றலாகி வந்ததிலிருந்து ரோஜா, மல்லி, குரோட்டன்ஸ் என்று வைத்துப் பார்த்துவிட்டோம். உப்பளக் காற்றும் போர்வெல் தண்ணீரும் சேர்ந்து எல்லாவற்றின் கதையையும் முடித்துவிட்டன.

எனக்கு அலுத்துவிட்டது. மனைவிதான் விடவில்லை. பெருமுக்கல் பக்கமிருந்து ஒரு மூட்டை செம்மண் வரவழைத்தாள். பெயின்ட் டப்பா, உடைந்த மக், ஐஸ்கிரீம் டப்பா என்று கிடைத்ததிலெல்லாம் அடியில் ஓட்டை போட்டு, மணல் கலந்து நிரப்பினாள். டேபிள் ரோஸை விரல் நீளத்துக்குக் கிள்ளிச் செருகினால் போதும், பிழைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் அந்தச் சதைப்பற்றான குட்டி இலைகள் கோபித்துக்கொள்வதில்லை.

காம்பவுண்டு சுவர் மேல் வரிசையாக வைத்தோம். அங்கேதான் ஆரம்பித்தது தொல்லை. பத்து மணிக்குப் பூக்க வேண்டியது எட்டு மணிக்கே மொட்டையாக நிற்கும். கேட்டு வாங்கி வைத்தால் வராது, கேட்காமல் கிள்ளி வைத்தால்தான் வரும் என்று இந்தத் தெருவே நம்புகிறது. எத்தனை பேரிடம் சண்டை போடுவது?

அன்று சிக்கியவள் அஞ்சலை. எக்கியார்குப்பத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவருபவள். சுனாமியில் வீடு போய், இன்னும் தார் ஷீட் கொட்டகையில்தான் இருக்கிறாள். அவளைப் போய் என்னவென்று திட்டுவது? நானே நாலு கிளை கிள்ளி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"குடுத்தா வேணாம் சார்."

இந்தக் காலத்திலுமா இதையெல்லாம் நம்புவது என்று சலித்துக்கொண்டேன். கையில் கொடுத்தாலும் வளரும், நான் கேரண்டி என்றேன். அவள் மீன் கூடையை இறக்கி வைத்தாள்.

"வளரும், தெரியும் சார். கட்டியிருக்குற பொடவை, ஆக்குற குண்டான், படுக்குற பாயி... எல்லாம் யாரோ குடுத்ததுதான். லைன்ல நின்னு நின்னு வாங்கியாச்சு. இது ஒண்ணாவது நானா எடுத்ததா இருக்கட்டும். நீங்க உள்ள போங்க."

சுனாமிக்குப் பிறகு குப்பத்து ஜனங்களுக்குக் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டதாக எங்கள் தெருவில் எல்லோரும் புலம்பியிருக்கிறோம். வாங்கி வாங்கி அவர்களுக்கு அலுத்திருக்காதா? மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. கிளைகளைச் சுவர் மேல் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால், நான் கிள்ளிய நாலும் அப்படியே கிடந்தன. பெயின்ட் டப்பாவில்தான் ஒரு கிளை குறைந்திருந்தது.

எடுத்ததும் எடுத்தாள்... இருந்ததிலேயே நல்ல சிவப்பு!