ஒரு மணி நேரமும் பதினேழு வளைவும்

மதுரையிலிருந்து போடி போகும் ரயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. உசிலம்பட்டியில் நின்றது, ஆண்டிபட்டியில் நின்றது, ஏற ஆளே இல்லாத இடத்திலும் நின்றது. தொண்ணூறு கிலோமீட்டரை உருண்டு முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. கார்ப் பந்தயத்துக்குப் போகிறவள் இப்படியா போய்ச் சேருவது என்று எனக்கே சிரிப்பு வந்தது. எண்பதுகளின் தொடக்கம், தை மாதத்து வெள்ளிக்கிழமை.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கார் ஓட்டத் தெரியாது. என் தம்பிக்குத்தான் அந்தப் பைத்தியம். அவனும் அவன் சிநேகிதர்களும் வருடத்துக்கு ஒருமுறை சொந்தக் கார்களில் பந்தயம் விடுவார்கள். நுழைவுக் கட்டணம் முழுவதும் ஏதாவது நல்ல காரியத்துக்குப் போகும். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தையும் தூரத்தையும் சொல்லிக்கொண்டு வருவது என் வேலை. அதட்டிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் டீச்சரைத்தானே கூப்பிடுவார்கள்.

அந்த வருடத்துக் காரியம், மலை உச்சியில் போடிமெட்டில் இருக்கும் மலையாளத்து நர்ஸ் ஏலியம்மா சிஸ்டர். எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்து போய்ப் பிரசவம் பார்க்கிறவர். அவருக்கு ஒரு வண்டி வேண்டும். கட்டணப் பணம் பெட்ரோலுக்குத்தான் காணும். வண்டிக்கு எங்கே போவது? போடியில் ஏலக்காய்க் கமிஷன் கடை முதலாளி ஒருவரின் கொட்டகையில் பழைய ஜீப் ஒன்று கிடந்தது. நான் கேட்டதற்கு, பந்தயக்காரர்கள் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னார்:

"அது காலியாப் போனாலே மல ஏறாதுங்க. பந்தயத்தன்னிக்கு ஒரு மணி நேரத்துல மெட்டுக்கு ஏத்திக் காட்டுங்க, சிஸ்டருக்கே எழுதிக் குடுத்துர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு ஆகாது. "அந்த ஜீப்பில் நான் உட்காருகிறேன்" என்றேன்.

ஓட்டச் சம்மதித்தவர் பக்கத்து ஊரான சிலமலையின் கருப்பையா. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரோடு கொட்டகைக்குப் போனேன். முன்சக்கரங்களுக்கு இழுவை இல்லை, பின்சக்கரம் மட்டும்தான் தள்ளும் என்றார். அப்படியென்றால் எடையைக் குறைப்போம் என்று நோட்டில் கணக்குப் போட்டேன். பின் சீட்டுகள், ஸ்டெப்னி, கூரைத் தார்ப்பாய், எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

"டீச்சர், வெறும் ஜீப்பு வளைவுல காலு ஊணாது."

"எடை குறைந்தால் வேகம் கூடும் அண்ணே. கணக்கு பொய் சொல்லாது."

அவர் ஸ்பேனரை எடுத்துக் கழற்ற ஆரம்பித்தார்.

சனிக்கிழமை காலை 9.00. பஸ் ஸ்டாண்டில் நாற்பது காசு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். மெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர். தம்பியுடையது உட்பட மற்ற ஐந்து கார்களும் எங்களை முந்திக்கொண்டு பறந்தன. புளியமரங்களும் மாந்தோப்புகளும் பின்னால் போயின. 9.17க்கு மலையடிவாரத்து முந்தல். பந்தயத்துக்காக அங்கே பஸ்ஸையும் லாரிகளையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குமேல் ஏற்றம். முதல் ஏழு வளைவுகளையும் ஜீப் நன்றாகவே ஏறியது. நான் கருப்பையாவை வெற்றிப் பார்வை பார்த்தேன்.

எட்டாம் வளைவில் ரோடு வேலைக்காக ஜல்லி பரப்பியிருந்தது. ஜீப் பாதி திரும்பியதும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. பின்னுக்கு உருட்டி மறுபடி எடுத்தார். மறுபடியும் சுற்றியது. மூன்றாம் தடவை வண்டி பள்ளத்துப் பக்கமாக நகர்ந்தது. மணி 9.41.

"இன்னொரு தடவை" என்றேன்.

"தடவைக்கு என்ன, நூறு கூடப் போடலாம். பின்னாடி வெயிட்டு இல்ல டீச்சர். சக்கரம் எத அமுக்கும்?"

நேற்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழற்றச் சொன்னவள் நான். என் கணக்கினால் சிஸ்டரின் ஜீப் போகப்போகிறது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரம் இல்லை.

வளைவின் ஓரத்தில் ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் ஒன்பது பேர் தூக்குவாளியோடு பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். எங்களுக்காக முந்தலில் நிறுத்தி வைத்திருந்த அதே பஸ். பந்தய விதித்தாளைப் பிரித்துப் படித்தேன். வண்டியை யாரும் தள்ளக் கூடாது என்று இருந்தது. ஏறக் கூடாது என்று இல்லை.

"ஏறுங்கம்மா! எல்லாரும் பின்பக்கம்!"

"ரேசு வண்டியில எங்கள எதுக்கு ஏத்துறீக?" என்றாள் முன்னால் நின்றவள்.

"சிஸ்டருக்கு ஜீப்பு வேணும்த்தா. வெரசா ஏறு" என்றார் கருப்பையா.

சிஸ்டர் பெயரைச் சொன்னதுதான் தாமதம், ஒன்பது பேரும் ஏறிவிட்டார்கள். சீட்டு இல்லாத தகரத்தில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்தார்கள். ஜீப் உறுமியது. ஜல்லி நறநறத்தது. சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டது. மிச்ச வளைவுகளில் நான் நேரம் சொல்ல, அவர்கள் வளைவை எண்ணிக் கத்தினார்கள். பதினேழு என்று கத்தியபோது மெட்டுப் பனி முகத்தில் அடித்தது. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மணி 9.58.

கோட்டருகே காத்திருந்த ஜீப் முதலாளி பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "ஆள் ஏத்துறதாப் பேச்சு இல்லியே டீச்சர்?"

"காலி வண்டியே ஏறாது என்றீர்கள். பதினோரு பேரோடு ஏறியிருக்கிறது."

பெண்கள் இறங்க இறங்க அவர் வாய்விட்டே எண்ணினார். பிறகு தோள் துண்டால் பானெட்டைத் துடைத்தார். "சிஸ்டர் பேருக்கே எழுதிருவோம்" என்றார்.

கூட்டத்தோடு நின்ற சிஸ்டர் கையில் சாவியைக் கொடுத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனிக்கு ஓட்டத் தெரியில்லல்லோ டீச்சரே."

தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் இத்தனை பேர் கூடிப் பேசியதில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சிஸ்டர்தான் முதலில் தெளிந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். "பறவாயில்ல, ஞான் படிக்கும். எந்தக் கால் எதுக்குன்னு சொல்லு கருப்பையா."

இரண்டு நாள் சிஸ்டர் வீட்டில்தான் தங்கினேன். கருப்பையா லீவு போட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தார். வண்டி ஒரு தேயிலைப் புதரையும் ஒரு வேலியையும் சாய்த்தது.

திங்கட்கிழமை காலை போடி பஸ்ஸில் மலை இறங்கினேன். இரண்டு வளைவு தாண்டியதும் பஸ் ஓரம் கட்டி நின்றது. கீழிருந்து ஜீப் குலுங்கிக் குலுங்கி வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் சிஸ்டர், பக்கத்தில் கை பிரேக்கைப் பிடித்தபடி கருப்பையா, பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"எடுங்கண்ணே, போடியில சோலி கெடக்கு" என்றார் என் பின்சீட்டுக்காரர்.

"ஏறுற வண்டிக்கு வழி விட்டுத்தாம்ப்பா எறங்கணும்" என்ற பஸ் டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

ஜீப் எங்களைக் கடக்க நான்கு நிமிடம் ஆயிற்று. சனிக்கிழமையாக இருந்தால் அந்த நான்கு நிமிடத்துக்கு யாரையாவது கடித்திருப்பேன். ஜன்னல் வழியே கையை ஆட்டினேன். பெண்கள் கத்திக் கையாட்டினார்கள். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் வளைவில் திரும்பி ஏறிப் போனார்.