பதினேழு முறை திறந்த மூடி

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்கு அணில் என்று பெயர். ஐம்பத்திரண்டு வயதிலும் ஓரிடத்தில் நிலைகொள்ளாதவள். கண்ணுக்குள் பொருத்தும் ஜெல் வில்லைகளைச் சோதிப்பது அவள் வேலை. சூடு சற்று மாறினாலும் அந்த ஜெல் உப்பும், சுருங்கும். வில்லையின் குவியமும் மாறும். உப்புநீர்த் தொட்டியில், கண்ணுக்குள் இருக்கும் அதே முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில், பன்னிரண்டு மணி நேரம் அது மாறாதிருக்க வேண்டும். குவியத்தைக் கருவி தொட்டியின் கண்ணாடிச் சுவர் வழியாகவே அளந்துகொள்ளும்.

மூன்று சோதனைகள் தவறிவிட்டன. நான்காவதும் தவறினால் எட்டு மாத உழைப்பு குப்பைக்குப் போகும்.

"எங்க தப்புன்னே தெரியலண்ணே," என்றவள், சொல்லும்போதே தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

கருவியின் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். முந்தைய நாள் மட்டும் மூடி பதினேழு முறை திறந்திருந்தது. ஒவ்வொரு முறையும் சூடு அரை டிகிரி இறங்கியிருந்தது.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"அடுப்புல வச்சதைத் தொறந்து தொறந்து பாத்தா எப்பம்மா வேகும்?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு வில்லையைப் போட்டு மூடிவிட்டு, கணவரின் தையல் கடைக்குப் போய்விட்டாள். நண்பகலில் அவர் தொலைபேசியில் கெஞ்சினார்.

"இவளத் திரும்பக் கூட்டிக்குங்க மச்சான். தச்சு வச்சதையெல்லாம் பிரிச்சுப் பாக்குறா."

"ஆறு மணி வரைக்கும் விடாதீங்க மாப்பிள்ளை."

மாலை ஆறு மணிக்கு ஓடிவந்தாள். குவியம் காலையில் இருந்தபடியே இருந்தது. எண்ணை இரண்டு முறை வாசித்தவள், உட்காராமலே, அடுத்த வில்லையை எப்போது போடலாம் என்று கேட்டாள்.