ஸ்கேன் வீடியோவுக்குத் தலைப்பு போட்ட நைனா

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அம்மாவின் இதய ஸ்கேன் வீடியோ சென்னை டாக்டருக்குப் போய்ச் சேர வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சைத் திறப்பதா, மாத்திரையிலேயே ஓட்டுவதா என்று அவர் சொல்வார். அம்மா என்னவோ யார் வீட்டு விஷயமோ என்பதுபோல டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நைனாதான், அதாவது என் அப்பாதான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஊரில், கே.ஜி.கண்டிகையில், கரும்பு வெட்டு நடக்கிறது, அதையும் விட்டுவிட்டு அம்மாவோடு திருத்தணியில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

அனுப்புவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இப்படிக் கோப்புகளை அனுப்பும் புரோகிராம் எழுதுவதுதான் வீட்டிலிருந்தபடி நான் பார்க்கும் வேலையே. மருத்துவமனையின் இணையதளத்தில் நோயாளி எண், குறிப்பு, கோப்பு என்று மூன்று கட்டங்கள். மூன்றும் ஒரே தடவையில் சேர்ந்து போகும், ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்காது. அடுக்கு டிபன் கேரியர் மாதிரி. ரசம் ஒரு கிண்ணத்தில், சோறு ஒரு கிண்ணத்தில். கோப்பு இருக்கும் கிண்ணத்தில் மட்டும் ஒரு பைட், ஒரு எழுத்தளவுகூட மாறக் கூடாது. எங்கள் தெரு நெட் பாதியில் அறுந்துபோகும் என்பதால் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நானே சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த சிடியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த வீடியோவை அனுப்பினேன்.

'கோப்பைப் படிக்க முடியவில்லை' என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன், அதே பதில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் புரோகிராமைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். வரிவரியாகப் பார்த்தும் தப்பு கிடைக்காமல், கடைசியில் கோப்பின் முதல் சில பைட்டுகளைத் திரையில் இறக்கிப் பார்த்தேன். வீடியோவின் தலையில் தமிழ் எழுத்துகள்.

"நைனா, இத நீ தொட்டியா?"

"ஆங். நீ குளிக்கப் போனப்ப தொறந்தேன். நீ கத்துக்குடுத்த நோட்பேட்லதான்."

"தொறந்து?"

"மேல 'முருகன் துணை'ன்னு அடிச்சி சேவ் பண்ணேன். கல்யாணப் பத்திரிகைலேர்ந்து கரண்டு ஆபீஸ் மனு வரைக்கும் அது இல்லாம எதையும் அனுப்புனதில்லம்மா. உங்கம்மா விஷயத்துக்குப் போடாம வுடுவனா?"

"உள்ள ஒரே கிறுக்கலா இருந்திருக்குமே, அதப் பாத்துமா?"

"டாக்டருங்க எழுத்து அப்டித்தான இருக்கும்."

கத்த வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. மனுஷன் மேல் அப்படியொரு பாசம் பொங்கியது, என்ன செய்ய. நோட்பேடில் சேவ் செய்ததில் வீடியோ முழுக்கவே கெட்டுப்போயிருந்தது. சிடியிலிருந்து புதிதாக ஏற்றினேன்.

"குறிப்புன்னு தனியா ஒரு கட்டம் இருக்குது நைனா. அதுல போடு. வீடியோகூடவே போவும், வீடியோவத் தொடாது."

"கூடவே போவுமா?"

"ஒண்ணாத்தான் போவும்."

ஒற்றை விரலால் அடித்தார். அனுப்பினேன். இந்த முறை ஏற்றுக்கொண்டது. இதயத்தின் படத்தோடு முருகனும் சென்னைக்குப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். "அடைப்பு கம்மியாத்தாங்க இருக்கு. ஆபரேஷன் வேணாம், மாத்திரை போதும்" என்றார்.

நான் நைனாவைத்தான் பார்த்தேன், எங்கே உடைந்து அழப்போகிறாரோ என்று. அழுதது அம்மா. டிவியை அணைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதாள். நான் பதறிப்போய் எழுந்தேன்.

நைனா என்னைக் கையமர்த்தினார். "அழுவட்டும் வுடும்மா" என்றார். "ஒரு மாசமா ராத்திரில என் கையப் புடிச்சிகினுதான் படுக்கறா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினா."