திருப்பித் தரவேண்டும் என்ற ஒரு வரி

சித்தூரில் எங்கள் திருச்சபையின் சுவரில் தமிழ்ப் பாட்டு முதன்முதலாகத் தெலுங்கு எழுத்தில் விழுந்த ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. புரொஜெக்டர் கோணலாக இருந்தது. கடைசி வரி ஜன்னல் கம்பிமேல் வளைந்து ஓடியது. ஆனால் அதுவரை வாயை மூடிக்கொண்டு நின்ற பிள்ளைகள் எல்லோரும் பாடினார்கள். எங்கள் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிப் படிப்பு தெலுங்கு. பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் விசிறிக்கொள்வார்கள். தமிழ் வரிகளைத் தெலுங்கு எழுத்தில் மாற்றிக் காட்ட ஒரு புரோகிராம் எழுதினோம், நானும் என் அக்காள் கணவரும். பாதி நான் எழுதியது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்த தப்பில் என் பங்கு எவ்வளவு என்று தெரியவேண்டும்.

மாமா திருப்பதியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்தார். நானும் அதே ஊரில்தான், ஒரு கம்பெனியில். தினமும் ஒரே பஸ்ஸில் போய்வருவோம், சண்டையும் அதில்தான். எங்கள் புரோகிராமை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மட்டும், அந்த மாற்றத்தையும் எல்லோருக்கும் திறந்து கொடுக்கவேண்டும். உரிமத்தில் மாமா வைத்த நிபந்தனை அது. இதைக் கட்டற்ற மென்பொருள் என்பார். நான் ஓப்பன் சோர்ஸ் என்பேன். இரண்டும் ஒன்றுதானே என்றால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

"ஒண்ணு இல்ல மச்சான். நாலு பேர் பாத்தா புரோகிராம் நல்லா வரும்னு நீ தொறக்கற. அத்த வெச்சிக்கினு இருக்கறவன் யாருக்கும் அடிமையாவக் கூடாதுன்னு நான் தொறக்கறேன்."

"மாமா, பாஸ்டரே இவ்ளோ நேரம் பிரசங்கம் பண்றதில்ல. ஸ்டாப்பிங் வந்துச்சு, எறங்கு."

பிறகு சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்தான். எங்கள் புரோகிராமை வைத்து எல்லாச் சபைகளுக்கும் ஒரு ஆப் செய்கிறோம், உங்கள் நிபந்தனை மட்டும் இடிக்கிறது என்றான். நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பாட்டு போய்ச் சேரப்போகிறது, உன் ஒரு வரி குறுக்கே நிற்கிறது என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எட்த்துக்கினு போறவன் கதவ சாத்திக்கினா இன்னா பண்ணுவ?" என்றார்.

"ஏன் சாத்தறான்? எல்லாரையும் திருடனாவே பாக்கறியே."

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பாதி உன்து. உன் பாதிய நான் பூட்டி வெக்கறதும் நியாயம் இல்ல. மாத்திக்கோ, பரவாலேது" என்றார். யாரையும் கட்டிப்போடக்கூடாது என்ற அவருடைய கொள்கையைக் கொண்டே அவரைச் சாய்த்தேன். நிபந்தனை இல்லாத உரிமத்துக்கு மாற்றியது நான். என் விரலால்.

ஆப் வந்தது, நன்றாகவே இருந்தது. சபையின் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டார்கள். புத்தூர், நகரி சபைகளிலிருந்தும் ஆட்கள் தங்கள் பாட்டுகளைத் தட்டி ஏற்றினார்கள், பிழைகளைத் திருத்தினார்கள். வருடக் கணக்கில் செய்த வேலை. எல்லாம் கம்பெனியின் உள்ளே போனது, எதுவும் வெளியே வரவில்லை. போன வருடம் ஒரு அப்டேட்டில் தெலுங்கு எழுத்தை எடுத்துவிட்டார்கள். பயன்படுத்துவோர் குறைவாம். ஆப்பின் நிரலையாவது கொடுங்கள், எங்கள் ஆட்கள் ஏற்றியதையாவது கொடுங்கள் என்று எழுதினேன். உரிமப்படி கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சட்டப்படி அவன் சொன்னது சரி. அதுதான் வயிற்றெரிச்சல். நீங்கள் எழுதிய பழைய புரோகிராம் இன்னும் இருக்கிறதே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது. பழைய கம்ப்யூட்டருக்காக எழுதிய அதை ஒரு போனிலும் ஓடவைக்க முடியவில்லை. ஓடினாலும், இத்தனை வருடம் இத்தனை பேர் ஏற்றிய பாட்டுகள் அதில் இல்லை. மாமாவிடம் சொன்னேன். அப்போது அவர் நோயில் படுத்திருந்தார். "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சொல்லவில்லை. "மொதல்லேந்து எழுதலாம் மச்சான், நான் எழுந்துக்கினதும்" என்றார்.

எழுந்திருக்கவில்லை.

அடக்கம் சித்தூரில். கல்லறைத் தோட்டத்தில் பாட்டு எண்ணைச் சொன்னார்கள், எல்லோரும் போனை எடுத்தார்கள். அவர் மகள் என் பக்கத்தில் நின்றாள். திருப்பதியில் டிகிரி படிக்கிற பெண். திரையில் தமிழ் எழுத்து. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்பினாள்.

"மாமா, இன்னா போட்டுக்கீது இதுல?"

நான் அவள் காதில் முதல் வரியைப் படித்தேன். அவள் அதைப் பாடினாள். அதற்குள் மற்றவர்கள் இரண்டாவது வரிக்குப் போயிருந்தார்கள். அடுத்ததைப் படித்தேன். கடைசிவரை அப்படித்தான் போனது. எல்லோரும் முடித்து மண் போடத் தொடங்கிய பிறகும், அவள் மட்டும் தன் அப்பாவுக்கு இன்னும் ஒரு வரி பாடிக்கொண்டிருந்தாள்.