சமாதானக் கூட்டத்தில் ரத்தம்

நான் கல்லூரியில் படித்தபோது, சமாதானப் பரிசு பெற்ற வெள்ளைக்காரர் ஒருவரை எங்கள் மாணவர் மன்றம் காஞ்சிபுரத்தில் பேச அழைத்தது. அவர் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன். பாதியில் ஒரு நெசவாளி எழுந்தார்.

"ஐயா, சங்கம் வச்ச என் தம்பி கைய ஒடச்சவங்க முன்னால குந்திக்கினு இருக்காங்க. அவங்களோட எப்படி சமாதானமாப் போறது?"

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும், முன்வரிசையிலிருந்த பட்டு முதலாளியின் ஆட்கள் பாய்ந்து, நாற்காலியால் அவர் மண்டையைப் பிளந்தார்கள். தடுக்கப்போன என் பல்லும் உடைந்தது.

வெள்ளைக்காரர் மேடையிலிருந்து இறங்கி, நெசவாளியின் காயத்தைக் கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தார்.

"இவர் கேட்டதற்கு என் பேச்சில் பதில் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் எங்கே?" என்றார்.

மூவரும் ரத்தம் சொட்ட நடந்தோம். வெள்ளைக்காரரைக் கண்டதும் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று புகாரை வாங்கினார். அடித்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். முதலாளியை யாரும் விசாரிக்கவில்லை.