மூன்று ஞாயிறு வாசித்த ஓலை

எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாசித்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று ஞாயிறும்!

எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பை இன்றைக்கும் ஓலை என்றுதான் சொல்வோம். கையில் இருப்பது என்னவோ ஜெராக்ஸ் கடைத் தாள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், நியாயமான தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். சபைச் செயலாளர் என்ற முறையில் வாசிப்பவன் நான். மற்ற நாட்களில் திருவாரூர் சாலையில் உரக்கடை. யூரியா இல்லை என்று சொல்லும்போதும் ஆளைச் சிரிக்கவைத்து அனுப்புகிறவன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயருக்காக எதையும் விற்பேன் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மாப்பிள்ளை ஜெபராஜ், என் அக்கா மகன். பெண் மெர்சி, எங்கள் சபைப் பெண், பள்ளிக்கூட டீச்சர்.

முதல் ஓலைக்கு முந்தின வாரம் ஜெபா கடைக்கு வந்தான். உர மூட்டைமேல் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"மாமா, எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் வராது. ஆம்பளைங்க மேலதான்... ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன். உபவாசம் இருந்தும் பாத்துட்டேன். நிறுத்திடுங்க மாமா. அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"அட போடா! உங்க அத்தையைப் பாத்தப்ப எனக்கும்தான் நாட்டம் வரல. கட்டிக்கிட்டா தானா சரியாயிடும்!"

அவனும் சிரித்தான். தாய்மாமன் ஜோக் அடித்தால் வேறென்ன செய்வான், பாவம்...

எதற்குப் பயந்தேன்? நரகத்துக்கா? அதெல்லாம் இல்லை. பத்திரிகை அடித்தாயிற்று, அக்கா அழுவாள், செயலாளர் வீட்டுப் பிள்ளையே இப்படியா என்று நாலு பேர் கேட்பார்கள். அவ்வளவுதான்! அந்த அற்பப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஞாயிறு. வாசித்து நிறுத்தினேன். மின்விசிறிகளின் சத்தம் மட்டும். பாடகர் குழுவிலிருந்து ஜெபா என்னையே பார்த்தான். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல்...

"அப்பாடா, யாருக்கும் ஒண்ணும் தெரியல. பிரியாணி உறுதி!" என்றேன்.

சபை குலுங்கிச் சிரித்தது.

கல்யாணம் நடந்தது. மறு வருஷம் குறுவை அறுவடை சமயம். கடையில் கூட்டம். மெர்சி வந்து ஓரமாக நின்றாள். ஆள் கலைந்ததும் கேட்டாள்.

"அவரு என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு அங்கிள். ஓலை வாசிக்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர்கிட்ட சொன்னாராம். பேரு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு. நீங்களா?"

"எங்கிட்ட ரகசியம் ஏதாவது நிக்குமாம்மா? கடைத்தெருவுக்கே சொல்லியிருக்க மாட்டேனா!"

பார்த்தீர்களா... பொய்யைக்கூட ஜோக்காகத்தான் சொன்னேன்!

இருவரும் பிரிந்தார்கள். ஜெபா பெங்களூருக்குப் போனான். ஏன் பிரிந்தீர்கள் என்று கேட்டவர்களிடம் மெர்சி வாயைத் திறக்கவில்லை, அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பலன்? புருஷனைப் பிடித்துவைக்கத் தெரியாதவள் என்றார்கள். ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தக் கூடாது என்றார்கள். அவள் மனந்திரும்பும்படி ஜெபித்தார்கள். 'ஆமென்' சொன்னவர்களில் என் குரல்தான் பெரிசு. அவள் திருவாரூருக்கே போய்விட்டாள்.

போன வருஷம் எங்கள் போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். காலம் கெட்டுவிட்டதாம், ஆணும் ஆணும் சேர்வது குற்றமில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் காலாகாலத்தில் கல்யாணம் செய்துவைத்தால் விடுதலை கிடைத்துவிடுமாம். நான் சொன்ன அதே ஜோக்! அவர் சிரிக்காமல் சொன்னார், அதுதான் வித்தியாசம்.

அன்று மத்தியானமே ஜெபாவுக்குப் போன் போட்டேன். உன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"சொல்லுங்க மாமா. இந்தத் தடவ ஜோக் மட்டும் அடிக்காதீங்க."

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகள் எல்லாம் வாசித்து முடித்தபின், மைக்கை விடாமல் சொன்னேன். "மெர்சி மேல ஒரு குத்தமும் இல்ல. ஜெபாவுக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் இல்ல. முன்னாடியே எங்கிட்ட வந்து சொன்னான். தடை தெரிஞ்சும் ஓலை வாசிச்சவன் நான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ஆராதனை முடிந்ததும் போதகர் பிடித்துக்கொண்டார். "வேதத்தை மாத்தப் பாக்கறீங்களா?"

"ஒரு எழுத்தக்கூட மாத்தல ஐயா. பொய்ச்சாட்சியும் பாவந்தானே? அதைப் பத்தி எப்பப் பிரசங்கம்?"

செயலாளர் பதவி போயிற்று. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்குமாம். எழுத மாட்டேன்! மன்னிப்புக் கேட்க வேண்டியது இவர்களிடமா? சபையை விட்டும் போக மாட்டேன். அதே பெஞ்சு, அதே இடம். தீபாவளிக்கு விடுமுறை கிடைத்தால் ஜெபா வருவான். என் பக்கத்தில்தான் உட்காருவான். எழுப்ப நினைப்பவர்கள் முதலில் என்னை எழுப்பட்டும்!

பார்த்தீர்களா, வீரம் எப்படி வருகிறது... அன்று கடையில், கேட்டவளுக்கு ஒற்றை வார்த்தை சொல்ல வரவில்லையே இது!

திருவாரூர் போனேன். மெர்சி பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். உள்ளே கூப்பிடவில்லை.

"சபையில சொன்னீங்களாம், கேள்விப்பட்டேன் செயலாளர் ஐயா."

'அங்கிள்' போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"அந்தப் பிரியாணி ஜோக்குக்கு நானும் சிரிச்சேன். மூணாவது பெஞ்சுல உக்காந்துகிட்டு... எவ்வளவு சிரிச்சேன் தெரியுமா?"

மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஓலை வாசிப்பது வேறொருவர். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று அவர் நிறுத்தும்போதெல்லாம் சபையின் தலைகள் என் பக்கம் திரும்புகின்றன. திரும்பட்டும்! கொஞ்சம் பயமும் இருக்கட்டும். நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அந்த ஒரு மூச்சு நேரத்தில், மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் சிரிக்கிறாள்...